பதினாலாம் நம்பர் காலியாகப் போன வாரம்

மார்ச் 4

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நாம் இரண்டு பேரும் பேசினால் எப்படி முடிகிறது என்று உனக்கே தெரியும். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, என்னால் கத்த முடியாது. அந்த ஒரு வசதிக்காகத்தான்.

போன முறை வந்தபோது சாப்பிட உட்கார்ந்த இடத்தில், "உங்க பக்கம் பஸ் விடறதே அரசுக்கு நஷ்டம்தான்க்கா" என்றாய். உன் அத்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி குத்தின இடத்துப் பிளாஸ்திரியைக்கூட இன்னும் எடுக்கவில்லை. நான் உன்னை எழுந்து போகச் சொன்னேன். அதை இன்றைக்கும் தப்பு என்று நினைக்கவில்லை, அதனால் அதை விட்டுவிடுவோம்.

இப்போது சேதி. பதினாலாம் நம்பர் பஸ் பாடாய்ப் படுத்துகிறது. இந்தத் தடத்துக்கு மூன்று பஸ் என்று பெயர். வந்தால் இரண்டு ஒட்டிக்கொண்டு வரும், வராவிட்டால் ஆளே இல்லை. வாரத்தில் மூன்று நாள் உன் அத்தானை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். நம் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே ஏறினால் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும் ஒரே பஸ் அதுதான். போன வாரம் முழுக்க நின்றுகொண்டே போனார். "பெயிண்ட் அடிக்கும்போது சாரத்துல நாள் பூரா நின்னவன்தானே நான், இதுல என்ன இருக்கு" என்கிறார். இறங்கினதும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறார்.

சலூனில் கூட்டம் போட்டோம். வழக்கம்போல ஆளுக்கு ஒன்று பேசினார்கள். ரிட்டயர்டு வாத்தியார், மெட்ரோ வந்தால்தான் இது ஊர் என்றே ஒத்துக்கொள்வேன் என்றார். தையல்காரம்மா, மெட்ரோ வரும் முன்னே வாடகை உயர்வு வந்துவிட்டது என்றாள். ஆளுங்கட்சிக்காரர், திறப்பு விழா என்று நாங்கள் கூப்பிடுவோமே அவர்தான், "எல்லாம் மேல பேசியாச்சு" என்றார். எதிர்க்கட்சிக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் நாங்க வந்தா. அவர் "நாங்க வந்தா" என்று ஆரம்பித்ததும் சலூன்காரர் ரேடியோவைப் போட்டுவிட்டார்.

கடைசியில் நான்தான் சொன்னேன். மனு கொடுத்துக் கொடுத்து என் ஜெராக்ஸ் மெஷின்தான் தேய்ந்தது. மூன்று நாள் ஒருத்தரும் பஸ்ஸில் ஏறக் கூடாது. நிறுத்தத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம், வண்டி காலியாகப் போகட்டும், அவர்கள் மானமும் போகட்டும். எல்லாரும் சரி என்றார்கள். பதினெட்டாம் தேதி ஆரம்பம். அந்த நாட்களில் மட்டும் சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு அத்தானைத் தன் வேனில் கொண்டுபோய் விடுவார்.

எந்தப் பக்கம் எத்தனை பஸ் என்று முடிவு செய்கிற ஆபீஸில்தானே நீ உட்கார்ந்திருக்கிறாய். உன் காதிலும் விழட்டும் என்று எழுதினேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கவே பயமாக இருந்தது. பிரித்த பிறகு வேறு பயம் வந்துவிட்டது.

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அத்தான் போனுக்கும் அடித்தேன். அது உன் மேஜை டிராயரில்தான் கிடக்கும் என்று தெரியும்.

அக்கா, அந்த வாரம் வேண்டாம். வேறு எந்த வாரம் வேண்டுமானாலும் செய்யுங்கள், நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஏப்ரலில் செய்யுங்கள். காரணம் கேட்காதே, என்னால் எழுத முடியாது. இங்கே சில விஷயங்களை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். போன வருஷம் ஒருத்தர் எதையோ யாரிடமோ சொன்னதற்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் உங்களுக்கு எதிரி இல்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னது இங்கே தினமும் காதில் விழுகிற வாக்கியம், வாய்க்கு வந்துவிட்டது. அதை எத்தனையோ தடவை நினைத்து வருத்தப்பட்டுவிட்டேன்.

தயவுசெய்து தேதியை மாற்று. அத்தான் தண்ணீரை அளந்துதான் குடிக்கிறாரா? கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

உன் கடிதத்தைச் சலூனில் எல்லார் முன்னாலும் வாசித்தேன். கோபித்துக்கொள்ளாதே, கடிதம் வந்தால் வாசிக்காமல் என்ன செய்வது. "அந்த வாரம் வேண்டாம், காரணம் கேட்காதே" என்கிற இடம் வந்ததும் ஒரே சிரிப்பு. "பாத்தீங்களா, ஆபீஸே ஆடிப்போச்சு" என்றார் நாங்க வந்தா. வாத்தியார்கூட, அவர்கள் வேண்டாம் என்கிற வாரம்தான் நமக்கு வேண்டிய வாரம் என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் என்று இருந்ததை அங்கேயே ஏழு நாளாக்கினோம். அதற்கு உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நீ பார்த்திருக்க வேண்டும். முழுத் தடத்திலும் ஒரு குருவி ஏறவில்லை. தொட்டியடியில் பஸ் கிளம்பும் இடத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை எல்லா நிறுத்தத்திலும் சொல்லி வைத்திருந்தோம். டிரைவர் கதவைத் திறப்பார், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம், அவர் மூடிக்கொண்டு போவார். நல்ல மனுஷன், நமக்குத் தெரிந்தவர்தான். மூன்றாம் நாள் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கே பாவமாக இருந்தது.

ஒரே ஒரு ஆள் மட்டும் ஏழு நாளும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். தொப்பி போட்டவன், ஊருக்குப் புதுசு. கையில் ஏதோ சின்னதாக வைத்து விரலால் தடவிக்கொண்டே இருந்தான். திறப்பு விழா அனுப்பின ஆள் என்று பேசிக்கொண்டோம். பிள்ளைகள் கூவினார்கள். சலூன்காரருக்கு மனசு கேட்காமல் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். அவனும் வாங்கிக் குடித்துவிட்டு, "இங்க எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டிருக்கிறான். "எப்பவும் இப்படித்தான், போய்ச் சொல்லு" என்றாராம் இவர்.

அத்தான் நன்றாக இருக்கிறார். வேனில் மெத்தை போட்டு ராஜா மாதிரி போய் வந்தார். தண்ணீருக்குப் பதிலாக ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டுகிறார். நீ கேட்டாய் என்று சொன்னேன், சந்தோஷப்பட்டார்.

இனிமேல் எத்தனை பஸ் விடுகிறார்கள் என்று பார்ப்போம்.

அக்கா


மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

இதைச் சலூனில் வாசிக்காதே. நீ மட்டும் படி.

அந்தத் தொப்பிக்காரன் எங்கள் ஆபீஸ் அனுப்பின ஆள். திறப்பு விழாவுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. புது மெட்ரோ தடம் திறக்கும் முன் எந்தெந்த பஸ் வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்ய, ஒரு வாரம் ஆள் எண்ணினார்கள். ஜனங்களுக்குத் தெரிந்தால் கூட்டத்தைக் கூட்டிவிடுவார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது என்றார்கள். கூட்டுவதைப் பற்றித்தான் யோசித்தார்கள். ஒரு தெருவே சேர்ந்து தன் பஸ்ஸைத் தானே காலியாக்கும் என்று இங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும், நான் எழுதத் தைரியம் இல்லாமல் சுற்றி வளைத்தேன்.

அவன் கையில் வைத்திருந்தது எண்ணுகிற பொத்தான். ஏழு நாளும் அதை அழுத்த அவனுக்கு வேலையே வரவில்லை. குறிப்பில் 'எப்போதும் இப்படித்தான் என்று பகுதிவாசி ஒருவர் தெரிவித்தார்' என்று சேர்த்திருக்கிறான்.

பதினாலை எடுக்கப் போகிறார்கள் அக்கா. மெட்ரோ திறக்கும் அன்றோடு சரி. அந்த மூன்று பஸ்களையும் வேறு பக்கம் ஸ்டேஷனுக்கு ஆள் கொண்டுவந்து சேர்க்கப் போடுவார்கள். உங்களுக்குப் பக்கத்து ஸ்டேஷன் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். நடுவில் கடக்க வழி இல்லை, சுற்றிக்கொண்டு போக வேண்டும். படத்தில் பார்த்தால் கூப்பிடு தூரம். அத்தான் எப்படிப் போவார் என்று அந்தப் படத்தில் இல்லை.

நான் ஒழுங்காக ஒரு வரி எழுதியிருந்தால் போதும். உனக்கு எழுதாமல் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

தம்பி


ஏப்ரல் 5

தம்பி,

நீ சொன்னால் நான் கேட்டிருக்க மாட்டேனா? சொல்லு. உன்னைத் தூக்கி வளர்த்தவள்தானே நான்? 'அக்கா, ஆள் எண்ணுகிறார்கள்' என்று எழுத எத்தனை எழுத்து வேண்டும்? அந்தக் கடிதத்தில் உன் வருத்தத்துக்கு இடம் இருந்தது, கால் வீக்கத்துக்கு இடம் இருந்தது, இதற்கு மட்டும் இடம் இல்லை.

திட்டி என்ன ஆகப் போகிறது. ஏழு நாள் ஆக்கினது என் வாய்.

தெருவில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கடையில் உட்கார்ந்து எதிரே நிறுத்தத்தில் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் ஜெயித்துவிட்ட முகத்தோடு நிற்கிறார்கள். தையல்காரம்மா நேற்று எனக்கு ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம், நீங்கதான்க்கா எங்களுக்குத் தைரியம் என்றாள். என்னால் அதைப் போட்டுக்கொள்ள முடியவில்லை.

அத்தானிடம் மட்டும் சொன்னேன். பேப்பருக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவன்கிட்ட சொல்லு, நானும் ஒரு தலைதானே, என்னை எண்ணாம விட்டுட்டாங்கன்னு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நீ எழுது. உன் ஆபீஸில் எழுது. அந்த வாரம் போராட்டம் நடந்தது, அந்தக் கணக்கு செல்லாது என்று எழுது. அது ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன். இந்த பஸ் போனால் உன் அத்தான் என்ன ஆவார் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதினேன். 'எண்ணிக்கை நடந்த வாரத்தில் பகுதி மக்கள் இத்தடத்தைப் புறக்கணித்திருந்தனர்' என்று எழுதி அதிகாரி மேஜையில் வைத்தேன். கெட்டவர் என்று சொல்ல முடியாது. என்னை உட்காரச் சொன்னார். "இந்த ஒரு வரி உள்ள போச்சுன்னா எல்லாத் தடத்தையும் திரும்ப எண்ணுன்னு கேப்பாங்க. தேர்தல் அறிவிப்புக்கு முன்னாடி அமைச்சர் மெட்ரோவைத் திறந்தாகணும். திறப்பைத் தள்ளி வைங்கன்னு நானே போய்க் கேட்டேன்னு வச்சுக்கோ, யாரு தள்ளி வைப்பா?" என்றார். பிறகு பேனாவால் அந்த வரியை அடித்தார். மிச்சம் இருந்ததற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்.

போட்டேன்.

என் ஜன்னலில் இருந்து பார்த்தால் மெட்ரோ தூண்கள் வரிசையாகத் தெரியும். திறப்பதற்காகத் தூண்களுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு அதைப் பார்க்கவே பிடிக்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். மறுநாள் பார்த்தால், என்னைக் கேட்காமலே யாரோ அதைப் பழையபடி போட்டிருந்தார்கள்.

அக்கா, இங்கே வந்துவிடுங்கள். என் மனைவி முன் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறாள். இங்கே இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி. மானம், கோபம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

உன் பெண்டாட்டி நல்லவள். அவளிடம் சொல்லு, அறையைத் திரும்ப நிரப்பிக்கொள்ளட்டும். அங்கே விசாரித்துவிட்டேன். புதுசாக வருகிறவர்களுக்கு மெஷின் கிடைக்க மாதக் கணக்கில் வரிசை. அதுவரைக்கும் இவரை உன் முன் அறையில் வைத்து அழகு பார்க்கவா?

மூன்று பஸ்ஸில் இரண்டை இப்போதே எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருக்கும் ஒன்று எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. திங்கட்கிழமை வழியில் நின்றுவிட்டது. ஆட்டோ பிடித்துப் போவதற்குள் நேரம் தாண்டிவிட்டது. மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். இரண்டு நாளாகச் செருப்பு காலில் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறார்.

அதைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. சலூனில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொல்லாதது, நான் ஏழு நாள் ஆக்கினது, தொப்பிக்காரன், எல்லாம். பாதி முடி வெட்டின ஆள் ஒருத்தர் துணியைப் போர்த்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "எப்பவும் இப்படித்தான்னு சொன்னது நான்தானேக்கா" என்றார். அவரைத் தேற்ற என்னால் முடியவில்லை.

திறப்பு விழாவைப் பிடித்துக் கேட்டோம். "மெட்ரோவே வாசலுக்கு வருது, பஸ்ஸுக்கு அழறீங்களே" என்கிறார். எந்த வாசல் என்று கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாங்க வந்தா வழக்கம்போல நாங்க வந்தா பார்த்துக்கறோம் என்கிறார். அவர்கள் வருவது எப்போது, இவர் மூச்சு வாங்குவது இப்போது. யாருக்கும் ஓட்டு கிடையாது என்று தெருவே பேசிக்கொண்டிருக்கிறது. வாத்தியார் மட்டும் மெட்ரோவை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அவரும் நேற்று அத்தானுக்குக் கைத்தடி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார்.

ஏதாவது செய். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இதைச் சலூனில் வாசி. எல்லாரும் கேட்கட்டும்.

மறுபடி எண்ணச் சம்மதித்துவிட்டார்கள். மே 6, 7, இரண்டே நாள். பதினாலு மட்டும். இந்த முறை தேதியைப் பச்சையாக எழுதுகிறேன். என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்பட்டும்.

எப்படி நடந்தது என்றால், அத்தானைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார், ஆனால் பேனாவை எடுக்கவில்லை. பிறகு, அந்தப் பகுதியில் யாரும் ஓட்டுப் போடப் போவதில்லையாம் சார், போன தடவை அந்தத் தொகுதியில் நூலிழையில்தான் ஜெயித்தார்கள் என்றேன். உடனே போனை எடுத்தார். சாயங்காலத்துக்குள் மேலிருந்து உத்தரவு வந்துவிட்டது. அத்தான் உயிருக்கு அசையாதது இதற்கு அசைந்தது. எனக்குச் சந்தோஷப்படவும் வெட்கமாக இருந்தது.

நிபந்தனைகள் உண்டு. எண்ணுகிறவர் தொட்டியடியிலேயே ஏறுவார். ஒரு கண்காணிப்பாளரும் கூட வருவார். சும்மா கூட்டத்தை அடைத்தோம் என்று பேச்சு வரக் கூடாது, அதனால் அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது. நிறைந்துவிட்டால் நிறுத்தத்தில் நிற்காமல் போக வேண்டும் என்று டிரைவருக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறது. உத்தரவை நான்தான் தயாரித்தேன், அந்த வரி இல்லாமல் அவர்கள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பஸ் நிறைய வேண்டும் அக்கா. காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறைந்தே இருக்க வேண்டும். இதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை.

தம்பி


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உன் வீட்டில் இருந்த அத்தனை நாளும் நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தானின் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தால் சாப்பிட்டாய், எடுத்தால் விட்டாய். எழுந்து போ என்று நீ சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தெருவிலும் யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. சலூன்காரரிடம் கேட்டேன். "அக்காகிட்ட கேளுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். காலையில் வேனில் கொண்டுபோகும்போது நெடுஞ்சாலையில், மெட்ரோ வேலைக்கு மறித்து வைத்திருந்த இடத்தில், வண்டிகளுக்கு நடுவே அத்தான் போய்விட்டார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்கு முந்தின நாள் டயாலிசிஸ் நாள்தானே? அன்றைக்குத்தானே பஸ் நிறைந்து ஓடியது? பிறகு ஏன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை. பதினாலை எடுக்கவில்லை. இரண்டு நாள் எண்ணிக்கையைப் பார்த்து ஆபீஸே வாயைப் பிளந்துவிட்டது. மூன்று பஸ்ஸும் திரும்பி வருகின்றன.

என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லு. என்னைத் திட்டியாவது எழுது.

தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

பேசக் கூடாது என்று இல்லை. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதினால் கத்த முடியாது என்று முதல் கடிதத்தில் எழுதினேன் இல்லையா, அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைச் சலூனில் வாசித்தேன். நிறைந்தால் நிற்காமல் போகும் என்கிற வரியையும் வாசித்தேன். யாருக்கும் அது காதில் ஏறவில்லை, எனக்கும்தான். நிறைய வேண்டும் என்பது மட்டும்தான் எல்லார் தலையிலும் நின்றது. எண்ணுகிறவன் தொட்டியடியில் ஏறுவான் என்றதால், நடுவில் ஏறினால் விட்டுப்போகுமோ என்ற பயத்தில் எல்லாரையும் அங்கேயே வரச் சொன்னேன். நடக்க முடியாதவர்களைச் சலூன்காரர் வேனில் ஏற்றி இறக்கினார். ஏறினவர்கள் இறங்கவே கூடாது, போய்விட்டு அதிலேயே திரும்ப வேண்டும் என்று சொன்னேன். முதல் நாள் திருவிழாக் கூட்டம். வாத்தியார்கூட வந்து முதல் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாம் நாள் அத்தானுக்கு ஆஸ்பத்திரி. தொட்டியடி வரை ஏற்றத்தில் அவரை எதற்கு அலைய வைப்பது, கடைக்கு எதிரே வழக்கம்போல ஏறிக்கொள்ளட்டும் என்றேன். முன் சீட்டில் என் பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். கிளம்பும்போதே பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. பிள்ளைகள் பாட்டு, கைதட்டல், கூச்சல். கண்காணிப்பாளர் டிரைவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

நம் நிறுத்தம் வந்தது. அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கைத்தடி, தோளில் துணிப்பை, சலவைச் சட்டை போட்டிருந்தார். பஸ்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கினார். டிரைவர் வேகத்தைக் குறைத்தார், நான் பார்த்தேன். பின்னால் நின்ற கண்காணிப்பாளர், "நிறைஞ்சிருக்குல்ல, போ போ" என்றார். பஸ் நிற்கவில்லை. நான் கத்தினேன். எல்லாரும் கத்தினார்கள். அதுவரை நாங்கள் போட்ட கூச்சலில் இது வேறு கூச்சல் என்று யாருக்குத் தெரியும்? ஜன்னலில் அவர் முகம் எனக்கு நேராகக் கடந்து போனது. தூக்கின கையை இறக்கி, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்துக் கை தட்டினார். அவ்வளவு நிறைந்திருந்ததே என்று சந்தோஷம்.

அடுத்த நிறுத்தத்தில் பிதுங்கிக்கொண்டு இறங்கித் திரும்பி ஓடினேன். கடைப் படியில் உட்கார்ந்திருந்தார். "ஏன் இப்படி ஓடி வர்றே, நல்ல கூட்டம், இந்தத் தடவை கணக்குத் தப்பாது" என்றார். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை, எல்லாரும் பஸ்ஸில். வேன் தொட்டியடியில். ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மெஷினில் வேறு ஒருத்தர் படுத்திருந்தார். நாளைக் காலையில் முதல் ஆளாக வாருங்கள் என்றார்கள். அந்தக் காலைதான் உனக்குத் தெரியுமே.

உன் ஆபீஸ் எண்ணிக்கையில் உன் அத்தான் இல்லை. முதல் தடவையும் இல்லை, இரண்டாம் தடவையும் இல்லை.

அந்த வரியை நீ எழுதினாய். தொட்டியடிக்கு எல்லாரையும் வரச் சொன்னது நான். அதற்கு முன்னால் உன் ஒரு வரி இல்லாமல் போனது, அதற்குப் பின்னால் நான் ஏழு நாள் ஆக்கினது. யாருடைய பங்கு எவ்வளவு என்று படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். பிரிக்க வரவில்லை, விட்டுவிட்டேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இப்போது எழுத முடியாது. என்னையும் மன்னிக்க முடியவில்லை. ஆனால் எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தான், உன்னையும் விட்டுவிட்டு நான் யாரோடு சண்டை போடுவேன்?

நீ சொன்னபடி மூன்று பஸ்ஸும் வந்துவிட்டன. திறப்பு விழா வந்து கொடி அசைத்தார். மெட்ரோவும் திறந்தாயிற்று. வாத்தியார் போய்ப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். தையல்காரம்மா வாடகை கட்டுப்படியாகாமல் வீட்டைக் காலி செய்கிறாள்.

கடையைத் திறந்துவிட்டேன். ஒன்று சொல்ல வேண்டும். அந்த டிரைவர் இப்போது எங்கள் நிறுத்தத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டியை நிறுத்துகிறார். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கடைப் பக்கம் பார்க்கிறார். உள்ளே இருக்கிறவர்களும் காத்திருக்கிறார்கள். நான் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கதவை மூடிக்கொண்டு போகிறார். தினமும் இப்படித்தான்.

ஒரு நாளாவது எழுந்துபோய் அவரிடம், இனிமேல் நிறுத்த வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தனியாகப் போய் அந்தக் கதவுக்கு முன்னால் நிற்க எனக்குக் கால் வரவில்லை. நீ வா. ஸ்டேஷன் வழியாக வராதே, தொட்டியடியில் பதினாலில் ஏறி வா. நான் கடை வாசலில் நிற்கிறேன்.

அக்கா